படத்தில் இருந்தது எங்கள் வயல் கதிர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆலயத்தின் அறுப்பின் பண்டிகைப் படம் வந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் ஆப்பிளும் அன்னாசியும் அடுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பொன்னிறத்தில் நெற்கதிர்க் கட்டுகள் நின்றன. விளைச்சலுக்கு நன்றி செலுத்தினார்கள் என்று கீழே எழுதியிருந்தது. தங்கள் செய்தியாளர் கண்டதை எழுதினார், அவர்மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கதிர் எங்கள் வயலில் விளைந்தது அல்ல. தஞ்சாவூரில் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கதிர். அன்று ஐப்பசி முதல் வாரம். ஆலயத்தின் பின்சுவரை ஒட்டிய வயலில் சம்பா நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. பயிர் அப்போதுதான் பச்சை கட்டத் தொடங்கியிருந்தது. பாடல் குழு நிற்கும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாலே அது தெரியும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று பாட முடியவில்லை.

எனக்கு எழுபத்திரண்டு வயது. தஞ்சைக்குத் தெற்கே, நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். எங்கள் சபை தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து ஒரே திருச்சபையானபோது என் தகப்பனார் இளைஞர். அதற்கு முன்பு எங்கள் ஊர் வழிபாடு ஆங்கிலிக்கன் முறைப்படி நடந்தது. பேராயர், ஆயர், அவர் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்த சேகரம், ஜெபப் புத்தகம், திருச்சபை ஆண்டின் காலங்களுக்கு ஏற்ப மாறும் பீடத் துணியின் நிறம் என்று அந்த ஒழுங்கில்தான் நானும் வளர்ந்தேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் பொருள்களை முப்பத்தொரு ஆண்டுகள் ஏலம் விட்டவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு இந்தப் பண்டிகை எப்படி நடந்தது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். தை பிறந்து பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கம் சம்பா அறுப்பு தொடங்கும். அறுத்து, அடித்து, தூற்றி, நெல் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு குறிப்பார்கள். விடியற்காலையிலேயே ஆலய முற்றத்தில் பாய் விரித்துவிடுவோம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் நெல்லைக் கொண்டுவந்து அதில் கொட்டுவார்கள். நிலம் உள்ளவர் மூட்டையாகத் தருவார். அறுப்புக்குப் போன பெண்கள் கூலியாக வாங்கிய நெல்லிலிருந்து ஒரு படியோ இரண்டு படியோ மடியில் கட்டி எடுத்துவருவார்கள். எல்லாம் ஒரே அம்பாரமாகக் குவியும். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் மரக்காலால் அளப்பார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணிப் பன்னிரண்டு ஆனால் ஒரு கலம். இத்தனை கலம் என்று மட்டும்தான் ஆலயத்தில் அறிவிப்பார்கள். யார் எவ்வளவு தந்தார் என்று யாருக்கும் தெரியாது. அம்பாரத்தில் விழுந்த நெல்லுக்குப் பெயர் கிடையாது.

இப்போது உறை வந்திருக்கிறது. பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே வீட்டுக்கு ஒரு காகித உறை தருகிறார்கள். அதன்மேல் குடும்பத் தலைவர் பெயர், குடும்ப எண், தொகை என்று மூன்று கோடுகள் இருக்கின்றன. அடுத்த மாதம் சேகரத்தின் அறிக்கைத் தாளில் அந்தப் பட்டியல் அச்சாகிறது. மேலே ஐயாயிரம், பத்தாயிரம். கீழே ஐம்பது ரூபாய். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா என்னிடம் அந்தத் தாளை நீட்டி, “தம்பி, என் பெயர் எங்கே இருக்கிறது, படித்துச் சொல்” என்று கேட்டார். கடைசி வரிக்கு முந்தைய வரியில் இருந்தது. சொன்னேன். பிறகு தாளை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஆண்டு அவர் பண்டிகைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை அவர் களை பறித்துவிட்டு வரப்பில் நடந்து வருவதை நான் கண்டேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது பிளாஸ்டிக் கதிர். ஆனால் அதைவிட எனக்குப் பெரிய துயரம் இந்த உறைதான்.

சேகரக் குழுவினர் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாக் காலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்ற நிலையில், 2021இல் முதன்முதலாக உறை கொடுத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. ஆலயத்துக்குச் செலவு இருக்கிறது, ஓடு மாற்ற வேண்டும், ஆலயப் பணியாளரான கோவில் பிள்ளைக்குச் சம்பளம் தர வேண்டும். உறையில் ஏலத்தைவிடக் கூடுதலாகப் பணம் வந்தது. அதனால் அதுவே நிலைத்துவிட்டது. பிறகு, சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறையை ஒட்டி ஊருக்கு வருகிறார்கள், அப்போதே பண்டிகையை வைத்தால் அவர்களும் கலந்துகொள்வார்கள் என்று தேதியையும் மாற்றினார்கள். பிள்ளைகள் வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. என் பேரன் ஒருவன் திருப்பூரில்தான் இருக்கிறான்.

ஐப்பசியில் பண்டிகை வைப்பது தவறு இல்லை, இங்கிலாந்துச் சபைகளில் அந்தக் காலத்தில்தான் வைக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் சொன்னார். உண்மைதான். இன்று ஆங்கிலிக்கன் சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்கு வழி காட்டியவர் என்று கார்ன்வால் கடற்கரையின் மார்வென்ஸ்டோ ஊர்க் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கரைச் சொல்வார்கள். 1843ஆம் ஆண்டு அவர் தம் சபையாரை அழைத்து, புதிதாக விளைந்த தானியத்தில் சுட்ட அப்பத்தைத் திருவிருந்தில் வைத்து நன்றி செலுத்தினார். அவர் அதைச் செய்தது அக்டோபரில். ஏனென்றால் அவர் ஊரில் கோதுமை அறுத்து முடிந்த காலம் அது. தம் ஊர் வயலைப் பார்த்து அவர் நாள் குறித்தார். நாமும் நம் ஊர் வயலைப் பார்த்துக் குறிப்பதுதான் அவர் வழியில் நடப்பது. வேதாகமத்தில் இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்ட பண்டிகைகளும் வாற்கோதுமை, கோதுமை, திராட்சை என்று அந்த நிலம் தந்த வரிசையில்தான் வருகின்றன.

ஐப்பசியில் குறுவை அறுக்கிறோமே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போர்செட் உள்ளவர்கள் குறுவை போடுகிறார்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் ஆற்றுத் தண்ணீரிலும் சிலர் போடுவார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். எங்கள் சபையில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், அல்லது ஓர் ஏக்கர், அரை ஏக்கர் உள்ளவர்கள். அவர்களுக்கு ஒரு போகம்தான், அது சம்பா. குறுவை அறுப்பு மழையோடு வரும். நெல்லைச் சாலையில் கொட்டிக் கிளறிக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாயோடு கிடப்பவனிடம் போய் நன்றிப் பண்டிகைக்கு வா என்றால், அவன் மனம் ஆலயத்திலா இருக்கும்? தை, மாசி வெயில் வேறு. அப்போது வானமும் தெளிந்திருக்கும், கையிலும் இரண்டு காசு இருக்கும்.

தேதிக்கு ஒரு சிக்கல் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் ஏலமும் விருந்தும் கூடாது. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் சில ஆண்டுகளில் சீக்கிரம் வந்துவிடும். 2025இல் மார்ச் 5. ஆனால் 2027இல் பிப்ரவரி 10. அப்படிச் சீக்கிரம் வரும் ஆண்டில் பொங்கலுக்கும் லெந்துவுக்கும் நடுவே நான்கு ஞாயிறுதான் கிடைக்கும். எல்லா வயலும் அறுத்து முடிந்திருக்காது. ஆனால் நாம் படைப்பது முதற்பலன். முழு வயலும் அறுத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு கைக்கதிர் பழுத்திருந்தால் போதும். சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிற்றை நிரந்தரமாக வைத்துவிட்டால் ஆண்டுதோறும் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய அவசியமே இல்லை. குடியரசு நாள் விடுமுறையை ஒட்டி வைத்தால் பிள்ளைகளும் வர முடியும் என்றால், அதற்கும் நான் சம்மதிக்கிறேன்.

நெல் இப்போது வீட்டுக்கே வருவதில்லையே என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. இதைக் கேட்டவர் எங்கள் குழுவின் பொருளாளர். அவரும் விவசாயிதான். அறுவடை இயந்திரம் காலையில் வயலில் இறங்கினால் மதியம் டிராக்டரில் நெல் ஏறிவிடுகிறது. அங்கிருந்து நேரே கொள்முதல் நிலையம், பணம் வங்கிக் கணக்கில். களமும் இல்லை, தூற்றலும் இல்லை. கூலியை நெல்லாகத் தருவதும் போய்விட்டது. பிறகு எதை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவர் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த ஆண்டு தையில் என் வயலில் நின்றபோது பதில் கிடைத்தது. இயந்திரம் வயலின் மூலையில் திரும்ப முடியாது. அது உள்ளே இறங்குவதற்கும் திரும்புவதற்கும் மூலைகளையும் வரப்போரத்தையும் ஆள் வைத்துக் கருக்கரிவாளால் முன்கூட்டியே அறுத்துவைக்கிறோம். அந்தக் கதிரை இயந்திரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறோம், அவ்வளவுதான். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்ற கட்டளை வேதாகமத்தில் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியது அந்தக் கட்டளையால்தான். ஓய்வுநாள் பள்ளியில் இதை எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! என் வயலின் நான்கு மூலையும் தனியாகக் கிடப்பதைக் காண எனக்கு இத்தனை ஆண்டு பிடித்தது. அந்த மூலை நெல்லை அறுத்த பெண்களே கையால் அடித்து எடுத்துக்கொள்ளட்டும். அதில் அவர்கள் விரும்பியதை அவர்கள் கையால் அம்பாரத்தில் போடட்டும். நிலம் உள்ள எங்கள் சபையார் ஒவ்வொருவரும் இதைச் செய்தால் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை.

ஏலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வியாபாரம் போல இருக்கிறது, பணக்காரர் பெருமைக்கு இடம் தருகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டு அந்த மேடையில் நின்றவன் சொல்கிறேன், ஏலத்தில் பொருளுக்கு விலை இல்லை. கொண்டுவந்தவருக்குத்தான் விலை. மூட்டை நெல் சந்தை விலைக்கே போகும். வாழைத்தாரும் கரும்புக்கட்டும் கொஞ்சம் கூடப் போகும். ஒரு கைம்பெண் வளர்த்த சேவலோ, பள்ளிப் பிள்ளை போட்ட ஒற்றைப் பூசணிக்காயோ வந்தால் முற்றம் முழுவதும் எழுந்து கேட்கும். ஒரு தரம், இரண்டு தரம் என்று நான் சொல்லி, மூன்றாவது தரம் சொல்ல வாய் வராமல் நின்ற சமயங்கள் உண்டு.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. ஆலயத்தின் ஓடு பாதி போய்விட்டது. பண்டிகை வேண்டாம் என்றார்கள். அப்போதிருந்த ஆயர் ஐயா, வைத்தே ஆக வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் திறந்த கூரையின் கீழ் நடத்தினார். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு ஆயா, விழுந்துபோன தன் ஒரே தென்னையிலிருந்து எடுத்துவைத்திருந்த கடைசித் தேங்காயைக் கொண்டுவந்தார். நான் ஏலம் கூறினேன். மதுக்கூரிலிருந்து ஆண்டுதோறும் வாழைத்தார் எடுக்க வரும் பாய் அதை 200 ரூபாய்க்கு எடுத்து, “ஆலயத்துக்கே திரும்பக் கொடுக்கிறேன், மறுபடியும் கூறுங்கள்” என்றார். அடுத்து டீக்கடைக்காரர் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். அவர் முருகன் கோவில் திருவிழாவுக்குத் தலைமை வகிப்பவர். இப்படிப் பதினொரு முறை அந்தத் தேங்காய் கைமாறியது. 4,350 ரூபாய் சேர்ந்தது. கடைசியில் எடுத்தவர் அதை ஆயாவிடமே கொடுத்து, நட்டு வையுங்கள் என்றார். அது நெற்றுத் தேங்காய். ஆயா இப்போது இல்லை. அவர் வீட்டுக் கொல்லையில் அந்தத் தென்னை சென்ற ஆண்டு பாளை விட்டது. உறையில் இது நடக்குமா, ஐயா?

அந்த 2019ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறும் சித்திரை முதல் நாளும் ஒரே நாளில், ஏப்ரல் 14இல் வந்தன. தப்பித்து நின்ற தென்னைகளில் குருத்து வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. குருத்தை வெட்டினால் மரம் நோகும். ஊரில் யார் வீட்டிலும் கேட்கக் கூடாது என்று வாலிபர்கள் ஏரிக்கரைப் பனையில் ஏறிக் குருத்து இறக்கினார்கள். பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடிப் பவனி போனோம். தெருவில் அன்று புத்தாண்டுக் கோலம் போட்டிருந்தார்கள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நடந்தோம். வீட்டு வாசலில் நின்றவர்கள் பானகம் கொடுத்தார்கள். அந்த ஓலைகளைச் சேர்த்துவைத்து எரித்துத்தான் 2020 சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசச் சாம்பல் எடுத்தோம். பிறகு ஒரு மாதத்துக்குள் ஊரடங்கு வந்து, ஆலயக் கதவு பூட்டப்பட்டது.

எங்கள் ஆண்டு இப்படித்தான் ஊரோடு பின்னிக் கிடக்கிறது. மார்கழியில் இரவெல்லாம் வீடு வீடாகக் கேரல் பாடிவிட்டு விடியும் நேரத்தில் திரும்புவோம். எதிரே பெருமாள் கோவில் பஜனைக் குழு வரும். அவர்களுக்கு அன்றைய நாள் தொடங்கும், எங்களுக்கு முடியும். இரண்டு குழுவும் ஒரே கடையில் டீ குடிக்கும். எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடியரிசிப் பெட்டியில் கொட்டுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம் முடிந்ததும், ஆலய வாசலில் காய்ச்சி ஊற்றும் கஞ்சி அந்த அரிசியில்தான். கஞ்சி வாங்க எல்லாத் தெருவிலிருந்தும் தூக்கு வரும். பிடியரிசியையும் பணமாக வாங்கிக்கொள்ளலாமே என்று இப்போது ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. என் மனைவி முப்பது ஆண்டாக அந்தக் கலயத்தை வைத்திருக்கிறார். கேட்டதும் அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “அடுப்படியில் நிற்கும்போதுதான் எனக்கு ஜெபம் வரும்.”

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய பழைய ஆலயத்தில், சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. மரணப் படுக்கையில் இருக்கும் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்பார். 1798இல் இறந்த அந்த ஐயரைப் பற்றித் தஞ்சையில் இன்றும் பேசுவதற்கு ஒரு காரணம் நெல். ஹைதர் அலி படையெடுப்பின்போது கோட்டைக்குள் பஞ்சம். முன்பு கொடுத்ததற்குப் பணம் வராததால் ஊரார் யாரும் கோட்டைக்குத் தானியம் கொண்டுவரவில்லை. சுவார்ட்ஸ் தம் சொல்லை ஈடாகக் கொடுத்தார், வண்டி வண்டியாக நெல் வந்தது. அவர் எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்து முடித்தார். எங்கள் மண்ணில் இந்த விசுவாசம் வேர் பிடித்த கதையிலேயே நெல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆப்பிள் வைக்க எனக்கு மனம் இல்லை.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால், எங்கள் சேகரத்தார் மட்டுமல்லாமல் டெல்டாவின் மற்றச் சபையாரும் படிப்பார்கள். தங்கள் ஊரில் அம்பாரம் இன்னும் குவிகிறதா என்று அவர்கள் எழுதினால் நான் மகிழ்வேன். டிசம்பர் முதல் வாரம் எங்கள் சேகரக் குழு கூடுகிறது. நான் குழுவில் இல்லை, ஆயினும் பேச நேரம் தருவதாக ஆயர் ஐயா சொல்லியிருக்கிறார். அவர் இளைஞர், நகரத்தில் வளர்ந்தவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். மூன்று காரியம் கேட்கப்போகிறேன். பண்டிகை தை அல்லது மாசிக்குத் திரும்ப வேண்டும். பட்டியல் அச்சிடுவது நிற்க வேண்டும், உறை வேண்டுமென்றால் பெயரில்லாமல் இருக்கட்டும். முற்றத்தில் மறுபடியும் பாய் விரிக்க வேண்டும்.

பழைய மரக்கால் ஆலயத்தின் சாமான் அறையில், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குக் கீழே கிடக்கிறது. அதன் பித்தளைப் பட்டை பச்சை பூத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று கோவில் பிள்ளையிடம் சாவி கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சேகர உறுப்பினர் ஒருவர்,
கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதி,
தஞ்சாவூர் மாவட்டம்.